விடுதித் தோழியரின் ஆண்டு மடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலை விடுதியில் ஒன்றாக இருந்து படித்து, 1982இல் உயர்தரப் பரீட்சை எழுதிப் பிரிந்த பட்ச் எங்களுடையது. இன்று எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச், மெல்பேர்ண் என்று சிதறிப் போயிருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறாள். கொழும்பில் இருக்கும் நாங்கள் சிலர் அதைத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்புகிறோம். அதைத்தான் ஆண்டு மடல் என்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. வேறு பாடசாலை ஆக்களும், "நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், நாங்களும் தொடங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து, தொகுப்பவர்களில் ஒருத்தியான நான் இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில். மடல் ஏன் கொழும்பில் இருந்து வருகிறது?

அந்தக் காலத்திலேயே எங்கள் விடுதியில் கொழும்புப் பிள்ளைகள் நிறையப் பேர். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், இந்த வருடம் கொழும்பு, அடுத்த வருடம் பதுளை, அப்புறம் காலி என்று மாற்றம் வரும். பிள்ளையின் படிப்புக் குழம்பக் கூடாது என்று ஊரில் விடுதியில் விட்டார்கள். தவணை விடுமுறைக்கு யாழ்தேவி ரயிலில் ஏறிக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் வந்து இறங்கிய கூட்டம் அது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. 1990இல் ரயில் நின்றது, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. ஊரில் இருந்தவர்களில் பலர் கொழும்புக்கு வந்தார்கள். வெளிநாடு போனவர்களும் இங்கே லொட்ஜுகளில் காத்துக் கிடந்துதான் போனார்கள். கொழும்பின் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ தெரியாத ஒருத்தியும் எங்கள் பட்சில் இல்லை. இன்றைக்கும் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். அதனால் எல்லாரும் கடந்து போகிற இடம் இதுதான்.

என்னிடம் எழுத ஒன்றுமில்லையே. நான் சாதாரண வாழ்க்கைதானே வாழ்ந்திருக்கிறேன்?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் மடலுக்கு வந்த பக்கங்களில் பல, வேலைக்கு விண்ணப்பம் போடுவது மாதிரி இருந்தன. படித்த பட்டம், பார்த்த பதவி, கணவரின் பதவி, மூத்த மகன் இன்ன பல்கலைக்கழகம், இளையவள் இன்ன நாட்டில் டொக்டர். அதை வாசித்தவுடன் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். கிளிநொச்சியில் முன்பள்ளி நடத்துகிறவள், லண்டனில் கடையில் நின்று நின்றே கால் வீங்கினவள், கணவரை விட்டுப் பிரிந்து தனியாகப் பிள்ளை வளர்த்தவள், கலியாணம் செய்யாமல் கடைசி வரை அம்மாவைப் பார்த்தவள், இவர்களில் ஒருத்தியும் ஒரு வரி கூட அனுப்பவில்லை. ஆனால் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது அவர்களைப் பற்றித்தான்.

நாங்கள் யார் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை தலை முழுகிவிட்டு, கிணற்றடிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் மேலிருந்து கீழாக வரிசையாக இருப்போம். ஈரத்தலை, தோளில் துவாய். மேல்படியில் இருப்பவள் கீழ்ப்படியில் இருப்பவளுக்குப் பேன் பார்ப்பாள். இருக்கிற ஒரே பேன்சீப்பு மேலிருந்து கை மாறி கை மாறி இறங்கி வரும். கடைசிப் படியில் இருப்பவள் எழும்பி மேலே போய், முதல் ஆளின் தலையைப் பார்ப்பாள். யாருடைய அப்பா டொக்டர், யாருடைய அப்பா தோட்டம் செய்கிறார் என்று அந்தப் படிக்கட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அப்படி ஒருத்தியின் தலையை இன்னொருத்தி பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு, இன்று யாருடைய வீட்டில் எத்தனை அறை என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது?

எங்களுக்கு வேண்டியது உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதுதான். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்? என்ன சமைக்கிறீர்கள்? வீட்டில் யாருடன் தமிழில் கதைக்கிறீர்கள்? முழங்கால் எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டில் யார்? எதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது? இதுவரை வந்தவற்றில் எல்லாரும் திரும்பத் திரும்ப வாசித்த பக்கம், 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதைக் கொழும்புத் தோழி ஒருத்தி எழுதியது. சிலிண்டர்களை ஒன்றோடு ஒன்று சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் விட்டுவிட்டு ஆக்கள் வீட்டுக்குப் போய் வந்தது, முன்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் இவளுக்குத் தன் கதிரையைக் கொடுத்தது, மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வடிக்கும் கைப்பழக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, அவ்வளவுதான் அதில். ஒரு பதவியும் இல்லை, ஒரு பட்டமும் இல்லை. வாசித்துவிட்டு ஒஸ்லோவில் இருந்து ஒருத்தி இரவோடு இரவாகத் தன் பக்கத்தை எழுதி அனுப்பினாள். அதற்கு முன் அவள் எழுதியதே கிடையாது.

பிள்ளைகளின் படிப்பு, வேலை பற்றி எழுதவே கூடாதா?

தாராளமாக எழுதலாம். பிள்ளை படித்து முன்னுக்கு வந்தால் சந்தோஷப்படத்தானே வேண்டும். ஒரு வேண்டுகோள் மட்டும்: உங்களைப் பற்றி முதலில் எழுதுங்கள், பிள்ளைகள் அதற்குப் பிறகு வரட்டும். எங்களுடன் விடுதியில் ஒன்றாக வளர்ந்தது நீங்கள்.

எவ்வளவு நீளம்? எப்போது அனுப்ப வேண்டும்?

ஒரு பக்கம் போதும். அரைப் பக்கமும் சரி. தைப்பொங்கலுக்கு முன் கைக்கு வந்தால் அந்த வருட மடலில் சேரும், பிந்தினால் அடுத்ததில் வரும்.

தமிழில் டைப் பண்ணத் தெரியாது. ஆங்கிலத்திலும் எழுத வராது.

வட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். நான் இருந்து எழுதி, திரும்ப உங்களுக்கு வாசித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் சேர்ப்பேன். கொப்பித் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் நல்லது. கையெழுத்தைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். எங்கள் தமிழ் ரீச்சர் பழக்கிய அந்த உருண்டை எழுத்தை இன்றும் நாலைந்து பேர் அப்படியே எழுதுகிறார்கள். அவற்றை நாங்கள் தட்டெழுதாமல் படமாகவே போடுகிறோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தமிழும் ஆங்கிலமும் நோர்வேஜியனும் கலந்து எழுதுகிறார்கள். அப்படியே விடுகிறோம், திருத்துவதில்லை.

கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அதை எழுதலாமா, எல்லாரையும் துக்கப்படுத்துமா?

எழுதுங்கள். அதற்கும்தான் இந்த மடல்.

எங்கள் வயதில் ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு மூன்று செய்திகள் வருகின்றன. கணவர் போனது, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பது, அம்மாவுக்கு மறதி வந்து மகளையே "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்பது. இதையெல்லாம் வேறு யாரோ சொல்லிக் கேள்விப்படுவதை விட, அவளே தன் சொல்லில் எழுதி வாசிப்பது எவ்வளவோ மேல். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல், "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மடலில் எழுதியவளுக்கு அப்படி நடக்கவில்லை. சூரிச்சில் கணவரை இழந்த ஒருத்தி, இரவில் அவருடைய பக்கத்து மேசை விளக்கை அணைக்க முடியாமல் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டு, தானும் அப்படித்தான் இருந்தேன் என்று மட்டக்களப்பில் இருந்து ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். பள்ளியில் அந்த இரண்டு பேரும் அவ்வளவாகக் கதைத்தவர்கள் கூட இல்லை. இப்போது கிழமைக்கு ஒரு தடவை கதைக்கிறார்கள்.

எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம். நாங்களாக யாருடைய துக்கத்தையும் மடலில் போடுவதில்லை. குடும்பத்தில் காணாமற் போனவர்கள் இருந்தால் இன்னும் கவனமாக இருக்கிறோம். பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய் எங்கள் பட்சிலும் இருக்கிறாள். அவளுடைய மகனைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு சொல் கூட மடலில் வராது. அவள் எழுதுவது போலவே போடுகிறோம்.

போர் பற்றி எழுதலாமா? சண்டை வந்துவிடாதா?

எழுதாமல் எங்கள் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 1982இல் பரீட்சை எழுதிய பிள்ளைகள் நாங்கள். அடுத்த வருடம் யூலையில் எல்லாம் தொடங்கிவிட்டது. 2009 மே மாதம் போர் முடியும்போது எங்களுக்கு நாற்பத்தைந்து வயது. நல்ல வயது முழுவதும் அதற்குள் போனது.

ஆனால் ஒவ்வொருத்தி கண்டதும் வேறு. ஒருத்தி கடைசி வரை வன்னியில் இருந்தாள். ஒருத்தி அதே நாட்களில் ரொறன்ரோவில் ஆர்ப்பாட்டத்துக்கு வீதியில் இறங்கி நின்றாள். இன்னொருத்தி கொழும்பில் பொலிஸ் பதிவுத் துண்டை எந்நேரமும் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். கிளாலிக் கடலில் இரவில் படகில் கைக்குழந்தையோடு வந்தவளும் இருக்கிறாள். ஆகவே எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: நீங்கள் கண்டதை எழுதுங்கள், மற்றவள் கண்டதற்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "நீங்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்துகொண்டு", "நீங்கள் எல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு" என்று தொடங்கும் வசனம் வந்தால், அனுப்பியவளைக் கூப்பிட்டுக் கதைக்கிறேன். இதுவரை ஒருத்தியும் கோபித்துக்கொண்டு விலகவில்லை.

நான் விடுதியில் இருக்கவில்லை. வீட்டில் இருந்து வந்து படித்தேன். சேரலாமா?

கட்டாயம் சேர வேண்டும். வீட்டில் இருந்து வந்தவர்கள்தான் எங்களுக்கு மாம்பழமும் புளுக்கொடியலும் ஒளித்துக் கொண்டுவந்து தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்ட அம்மாமார் அவர்களுடைய அம்மாமார்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வகுப்பில் சோனகத் தெருவில் இருந்து வந்த முஸ்லிம் தோழிகள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களும் குடும்பத்தோடு போனார்கள். பலர் புத்தளம் பக்கம் போய்க் குடியேறினார்கள், சிலர் கொழும்புக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி எங்களுக்குக் கிடைத்தபோது, "என்னையும் தேடினீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுடைய பக்கம் அந்த வருட மடலில் முதலாவதாக வந்தது. அந்தப் படிக்கட்டு வரிசையில் இருந்து யாரும் விடுபடக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஓ.எல். (சாதாரண தரம்) முடியப் படிப்பை விட்டுவிட்டேன். என்னையும் சேர்ப்பீர்களா?

ஒரு தவணை இருந்தவளும் எங்கள் பிள்ளைதான்.

தொடர்பு அறுந்தவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இதை வேறு பட்ச் ஆக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். எங்களுக்குப் பலன் தந்த வழிகளைச் சொல்கிறேன்.

பெண்களைத் தேடுவது ஆண்களைத் தேடுவதை விடக் கஷ்டம். பள்ளியில் எங்கள் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வந்துவிட்டது. சிலர் வெளிநாட்டில் முதற் பெயரையே சுருக்கிவிட்டார்கள். ஆகவே பள்ளி இடாப்பில் (பெயர்ப் பதிவேட்டில்) உள்ள பெயரைப் பேஸ்புக்கில் போட்டுத் தேடி எதுவும் கிடைக்காது. தகப்பன் பெயர், சொந்த ஊர், அண்ணன் தம்பி பெயர், இந்த மூன்றையும் முதலில் எழுதி வையுங்கள். அண்ணன் தம்பிமார் பெயர் மாறுவதில்லை. அவர்கள் வழியாகத்தான் பாதிப்பேர் கிடைத்தார்கள்.

அடுத்தது மரண அறிவித்தல்கள். வீரகேசரி, தினக்குரல், யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகைகளில் வருபவை, இப்போது இணையத்தில் வருபவை எல்லாம்தான். எங்கள் ஆக்களின் மரண அறிவித்தலில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். அன்னார் யாருடைய அன்பு மகள், யாருடைய பாசமிகு மனைவி, யாருடைய அருமைத் தாயார் என்று போகும். பிள்ளைகள், சகோதரர்கள், மருமக்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு இருக்கும். கடைசியில், தகவல் குடும்பத்தினர் என்று போட்டுத் தொலைபேசி எண். ஒரு தோழியின் அம்மா இறந்த செய்தியில், "கனடா" என்ற ஒரு சொல்லைப் பார்த்துத்தான் இருபத்தெட்டு வருடங்களாகக் காணாத ஒருத்தியைக் கண்டுபிடித்தோம்.

ஆனால் அந்த எண்ணை எடுத்தவுடனே அழைத்து, "நீ எங்கே இருக்கிறாய், மடலுக்கு எழுது" என்று சொல்லக் கூடாது. முடிந்தால் செத்தவீட்டுக்குப் போங்கள். முடியாவிட்டால் அனுதாபம் மட்டும் சொல்லுங்கள். அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு மெல்லக் கதைக்கலாம்.

பழைய ஓட்டோகிராஃப் கொப்பியில் கொழும்பு வீட்டு எண் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கொழும்பில் ஆறு இலக்கமாக இருந்த வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 2 சேர்த்து ஏழு இலக்கமாக்கினார்கள். 011, அப்புறம் 2, அப்புறம் பழைய எண் என்று அழைத்துப் பாருங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தாலும், இப்போது இருப்பவர்களுக்கு முன்பிருந்தவர்கள் எங்கே என்று தெரிந்திருப்பது உண்டு.

கோயில் திருவிழா, கலியாணவீடு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் யூன் 13 திருநாள், நல்லூர்த் தேர், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடக்கும் கூட்டங்கள், இங்கெல்லாம் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதும் நடந்திருக்கிறது. முகம் மாறினாலும் நடை மாறுவதில்லை.

சிலர் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர்களை ஒவ்வொரு மடலின் கடைசிப் பக்கத்திலும் தகப்பன் பெயரோடும் ஊரோடும் போடுகிறோம். யாராவது ஒருத்திக்கு ஏதாவது தெரிந்திருக்கும்.

கண்டுபிடித்த ஒருத்தி சேர விருப்பமில்லை என்றால்?

விட்டுவிடுகிறோம். எல்லாருக்கும் விடுதி சந்தோஷமான இடமாக இருந்ததில்லை. வீட்டை நினைத்து இரவிரவாக அழுதவர்கள், மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளானவர்கள், விடுதியைப் பார்த்த மேற்றனின் ஏச்சை இன்றும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். "அதெல்லாம் சின்ன வயசு விஷயம்" என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளுடைய எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சில வருடம் கழித்துத் தானாகவே வந்தவர்களும் உண்டு.

சந்திக்கும்போது எதைக் கேட்கக் கூடாது?

ஏன் கலியாணம் செய்யவில்லை, ஏன் பிள்ளை இல்லை, மகளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா, மருமகன் எந்த ஆக்கள், வீடு சொந்தமா வாடகையா, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய். இவை ஒன்றையும் கேட்காதீர்கள். எங்கள் ஆக்களுக்கு இவைதான் வாயில் முதலில் வரும் கேள்விகள் என்பது தெரியும். இவற்றுக்குப் பயந்துதான் நல்ல பிள்ளைகள் சிலர் பல வருடம் எங்கள் கூடலுக்கு (நேரில் சந்திக்கும் நாளுக்கு) வராமல் இருந்தார்கள். குறிப்பாக, "மருமகன் எந்த ஆக்கள்" என்று சாதி கேட்கும் கேள்வியை நாங்கள் இருக்கும் இடத்தில் யாரும் கேட்க வேண்டாம். ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"இப்ப எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் எவ்வளவு சொல்ல விரும்புகிறாளோ அவ்வளவு சொல்லட்டும்.

காணொளி அழைப்பு எத்தனை மணிக்கு?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே நேரம் இல்லை. அதனால் இரண்டு வைத்திருக்கிறோம். சனிக்கிழமை கொழும்பு நேரம் இரவு 7.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2, ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் 3, ரொறன்ரோவில் காலை 9. அவர்களுடைய கோடைகாலத்தில் இவற்றுக்கு ஒவ்வொரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். அது மெல்பேர்ணுக்கு நள்ளிரவு. ஆகவே ஞாயிறு காலை 6.30க்கு இன்னொன்று. அப்போது மெல்பேர்ணில் முற்பகல் 11, கோடையில் 12. கனடாக்காரர்களுக்குச் சனி இரவு. விடுதியில் ஐந்து மணிக்கு எழும்பிப் படித்தவர்களுக்குக் காலை 6.30 ஒரு நேரமே இல்லை.

1996இல் இலங்கை நேரத்தை முன்னால் தள்ளினார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்தோடு ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தப் பத்து வருடத்துக்குள் நாட்டை விட்டுப் போன சிலர் இன்றும் அந்தக் கணக்கில் அரைமணி முந்தி வந்து காத்திருக்கிறார்கள். இந்தியாவில் எத்தனை மணியோ அதுதான் இங்கேயும்.

கொழும்புக்கு வருகிறேன். எங்கே சந்திக்கலாம், எந்த மாதம் வந்தால் நல்லது?

கூடல் பெரும்பாலும் வெள்ளவத்தையில், யாராவது ஒருத்தியின் வீட்டில். கடைசியாக ஒரு பெரிய ஹோட்டலில் வைத்தபோது சத்தமும் பாட்டும் கூடி ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்கவில்லை. வீட்டில் என்றால் பாயைப் போட்டு இருந்துகொண்டு கதைக்கலாம், களைத்தவள் ஒரு பக்கம் சரிந்து படுக்கலாம். லிஃப்ற் உள்ள தொடர்மாடி என்பது இப்போது கட்டாயம், அரைவாசிப் பேருக்கு முழங்கால் சரியில்லை. போயா (பௌர்ணமி) நாளில் வைத்தால் எல்லாருக்கும் விடுமுறை, வீதியிலும் நெரிசல் குறைவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கறி கொண்டு வருவோம். பின்னேரம் வெயில் தணிந்த பிறகு நடக்கக் கூடியவர்கள் மரைன் டிரைவ் பக்கம் கடற்கரைக்குப் போய் வருவார்கள்.

மாதம் என்று பார்த்தால் ஓகஸ்ட். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வெளிநாட்டில் விடுமுறை, நல்லூர்த் திருவிழாவும் அதை ஒட்டி வரும். 25 நாள் திருவிழா என்பதால் கொழும்பில் எங்களைப் பார்த்துவிட்டு ஊருக்கும் போகலாம். ஒக்டோபர், நவம்பர் மழை. டிசம்பரில் விமானச் சீட்டு விலை ஏறிவிடும்.

எங்களுக்குச் சொக்லேற்றும் வாசனைத் திரவியமும் கொண்டு வர வேண்டாம். பழைய படம் ஏதும் இருந்தால் கொண்டு வாருங்கள்.

ஏன் பழைய படங்களை இவ்வளவு கேட்கிறீர்கள்?

ஊரில் இருந்தவர்களிடம் ஒன்றுமே இல்லை என்பதால். 1995இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள், திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டைப் பார்த்தவர்கள், அல்பத்தை எங்கே காப்பாற்றுவது? எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாடு போனவர்களின் பெட்டிகளில்தான் எங்கள் பள்ளிக்காலம் மிச்சமாக இருக்கிறது. விளையாட்டுப் போட்டி, நாடகம், விடுதி வாசலில் நின்ற வகுப்புப் படம், எதுவாக இருந்தாலும் சரி. வெளிச்சமான இடத்தில் வைத்துத் தொலைபேசியாலே படம் எடுங்கள், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பெயர்களை அங்கேதான் எழுதியிருப்போம். முல்லைத்தீவில் இருக்கும் ஒருத்திக்கு அவளுடைய பதினாறு வயதுப் படம் ஒன்றை லண்டனில் இருந்து வாங்கி அனுப்பினோம். அவளுடைய பேரப்பிள்ளைகள் அதுவரை அம்மம்மாவின் சின்ன வயது முகத்தைப் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். முன்கூட்டியே அதிபருக்கு எழுதி, பாடம் நடக்காத நேரத்தில் போங்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது, ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இருந்தே இரவு பஸ்களும் இருக்கின்றன, ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ரயிலில் பகலில் போவதைத்தான் நான் விரும்புகிறேன். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும்போது நாங்கள் அந்தக் காலத்தில் செய்தது போலவே எல்லாரும் யன்னல் பக்கம் போய்விடுவோம்.

ரீச்சர்மாருக்கும் மடல் போகிறதா?

போகிறது. எங்களுக்குப் படிப்பித்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எண்பது தாண்டியவர்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, முடிந்தவரை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம். யாருக்காவது கொழும்பில் ஒரு பின்னேரம் நேரம் இருந்தால் சொல்லுங்கள், வாசிக்க ஆள் தேவைப்படுகிறது. கணக்கு ரீச்சர் இப்போதும் ஒவ்வொருத்தியின் பெயரையும் சொன்னவுடன் எந்த மேசையில் இருந்தவள் என்று சொல்வார்.

பணம் சேர்க்கிறீர்களா?

மடலுக்குச் செலவு அச்சும் தபாலும்தான், அதைக் கொழும்பில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறோம். கஷ்டத்தில் இருக்கும் தோழிக்கு உதவ விரும்பினால் அது வேறு. இரண்டு பேர் அதைப் பார்க்கிறார்கள். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று மடலிலோ அழைப்பிலோ ஒரு சொல்லும் வராது. உதவி வாங்கியவள் அடுத்த கூடலுக்குத் தலை நிமிர்ந்து வர வேண்டும்.

இறந்து போனவர்களைப் பற்றி?

அவர்களுடைய பக்கத்தையும் விடவில்லை. அவளோடு அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவள் எழுதுவாள். எப்போது எப்படி இறந்தாள் என்பதை விட, அவள் எப்படிச் சிரிப்பாள், எதைச் சாப்பிட மாட்டாள், யாருடைய சட்டையைக் கடன் வாங்கிப் போட்டாள் என்று எழுதும்படி கேட்கிறோம். பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கத்தை அவர்களுக்கும் அனுப்புகிறோம். தாயைச் சின்ன வயதில் இழந்த ஒரு மகன், தன் அம்மா பள்ளியில் நாடகத்தில் அரசனாக நடித்தவர் என்பதை எங்கள் மடலில்தான் முதன்முதலாக அறிந்தான். அவன் இப்போது ஒவ்வொரு வருடமும் அம்மாவின் இடத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறான். நாங்கள் அதை அவளுடைய பெயருக்குக் கீழேயே போடுகிறோம்.

சரி, எழுதிவிட்டேன். எங்கே அனுப்புவது?

எங்களில் யாராவது ஒருத்தியின் எண் உங்களிடம் இருந்தால் அவளுக்கு அனுப்புங்கள், என்னிடம் வந்து சேரும். ஒருத்தியின் எண்ணும் இல்லையென்றால் உங்கள் அண்ணன் தம்பியிடம் கேளுங்கள், அனேகமாக நாங்கள் அவர்களோடு கதைத்திருப்போம். பக்கத்தின் மேலே உங்கள் பெயர், அப்பாவின் பெயர், ஊர், எந்த வருடம் விடுதிக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். தொலைபேசி எண்ணை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.